இன்னொரு தபா

குவைத்தில் ஏழு வருஷம் கார் ஓட்டிவிட்டு என் சித்தப்பா ஊர் திரும்பியபோது, அவர் பெட்டியைத் திறப்பதைப் பார்ப்பதற்காகத் தெருவே எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கும் எளாவூர் செக்போஸ்டுக்கும் நடுவில் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போய்வந்தவர்கள் அப்போது அங்கே அதிகம் பேர் கிடையாது. அதனால் எதிர்பார்ப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. புலிப் படம் போட்ட கம்பளி, தலைவலித் தைலம், சென்ட் பாட்டில், பேரீச்சம்பழம் எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. தங்கம் மட்டும் வரவில்லை. கடைசியில் சித்தப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துக் காட்டி, தான் சம்பாதித்ததிலேயே பெரிசு இதுதான் என்றார். தெரு ஒவ்வொருவராக எழுந்து அவரவர் வீட்டைப் பார்க்கப் போனது.

அந்தப் பென்டிரைவில் இருந்தது ஒரே ஒரு அரபிப் பாட்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஒரு அம்மாள் ஒரு வரியைப் பாடுவார். கூட்டம் ஆவென்று அலறும். உடனே அந்த அம்மாள் அதே வரியை மறுபடி பாடுவார். கூட்டம் இன்னும் பலமாக அலறும். டிவியில் சொருகிக் கால் மணி நேரம் கேட்ட பிறகு, பாட்டு சிக்கிக்கொண்டதா என்று அம்மா மெதுவாக விசாரித்தாள். அப்பா எதுவும் விசாரிக்கவில்லை. அவர் ஒரு பைப் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருந்தார். அவருடைய உலகத்தில் பொருள்கள் இரண்டே வகை, ஓகே அல்லது ரிஜெக்ட். தோசைக்கும் அதுதான் கணக்கு, என் கையெழுத்துக்கும் அதுதான் கணக்கு. தம்பி கொண்டுவந்த பாட்டை அவர் எந்த வகையில் போட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் கைவிட்ட பிறகு சித்தப்பாவுக்கு மிஞ்சியது நான் ஒருத்திதான். அதனால் அந்தப் பாட்டின் கதையை என்னிடம்தான் சொன்னார்.

குவைத்தில் அவர் ஒரு வயசான அரபியிடம் டிரைவராக இருந்தார். ஊருக்கு வெளியே பாலைவனத்தில் பெரியவருக்கு ஓர் ஆட்டுப்பட்டி இருந்தது. அங்கே அவரை அழைத்துப்போய் அழைத்துவருவதுதான் வேலை. வழி நெடுக இந்தப் பாட்டுதான் ஓடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், பாட்டு நடுவில் இருக்கும்போது பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஹ் என்று கத்தியிருக்கிறார். கண்ணில் தண்ணீர் வேறு. சித்தப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வண்டியைத் திருப்பி ஒரே அழுத்தாக அழுத்தி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். ஸ்ட்ரெச்சரும் வந்துவிட்டது. பெரியவர் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்து, இது வியாதி இல்லை மகனே, இதற்குப் பேர் தரப் என்றாராம்.

தரப் என்றால் சந்தோஷமா என்று கேட்டேன். இல்லை என்றார். அழுகையா என்றேன். அதுவும் இல்லை, ஆனால் இரண்டுமே அதில் உண்டு என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "அது பாட்டுல இல்ல பாப்பா. பாடறவங்களுக்கும் கேக்கறவங்களுக்கும் நடுவுல கீது," என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பெரியவர் சொல்லிக்கொடுத்த சட்டம் புரிந்தது. பாட்டு நன்றாக இருந்தால் கேட்பவன் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொன்னால்தான் பாடுகிறவர் அந்த வரியை மறுபடி பாடுவார். மறுபடி பாடினால்தான் வரிக்குள் இருப்பது வெளியே வரும். கம்மென்று உட்கார்ந்திருக்கிறவனும் ஒன்று, சுவரும் ஒன்று என்பது பெரியவரின் கட்சி. ஏழு வருஷத்தில் சித்தப்பாவும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

ஊரில் அவருக்கு வேன் ஓட்டுகிற வேலை கிடைத்தது. காருக்கு வயர்க்கட்டு செய்கிற ஒரு கம்பெனிக்கு எங்கள் பக்கத்துப் பெண்களைக் காலையில் ஏற்றிப்போய் மாலையில் இறக்கிவிடும் ஷிப்ட் வேன். அம்மாவும் அதில் போய்வந்தாள். எங்கள் தாத்தாக்கள் கூலிக்கு நாற்று நட்ட வயல்களில்தான் இப்போது கம்பெனிகள் நின்றன. எங்கள் ஆட்கள் அதே இடத்துக்கு அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். என் பள்ளிக்கூடம் போகிற வழியில் இருந்ததால், சாயங்காலம் சித்தப்பா முதலில் என்னை ஏற்றிக்கொண்டு அப்புறம் கம்பெனி கேட்டுக்குப் போவார். டிரைவருக்குப் பக்கத்து சீட் என்னுடையது. அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

வேனில் வருகிறவர்களில் எட்டுப் பேர் எங்கள் கிறிஸ்தவ சபையின் பாடகர் குழு. ஷீட்டுக் கூரை போட்ட சின்னக் கோயில் எங்களுடையது. சுற்று வட்டாரத்துச் சபைகளுக்கெல்லாம் வருஷா வருஷம் ஒரு பாட்டுப் போட்டி நடக்கும். டவுனில் இருக்கிற பெரிய கோயிலில் வைத்து நடக்கும். பரிசு ஒரு ஷீல்டு. கண்ணாடி போட்ட மரச் சட்டத்துக்குள் வெள்ளிநிற வீணை ஒன்று பதித்திருக்கும். அதை எப்போதும் பெரிய கோயில்காரர்களே ஜெயித்து அவர்களே வைத்துக்கொள்வார்கள். அந்தச் சபையைச் சேர்ந்த ஒரு பெண் பள்ளியில் என் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். ஷீல்டை வருஷத்துக்கு ஒருதரம் இறக்கித் துடைத்துத் திரும்ப மாட்டுவதோடு சரி என்று அவள் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. இந்த வருஷம் அது எங்களுக்குத்தான் என்று வகுப்பு முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டேன். எங்கள் கோயில் சுவரில் மின்சார மீட்டருக்குப் பக்கத்தில் இடமும் பார்த்துவைத்திருந்தேன்.

போட்டிக்கு ஒரு கறாரான விதி உண்டு. ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் ஆட்டத்திலேயே இல்லை. முந்தின வருஷம், சபையை நடத்துகிற எங்கள் உபதேசியார் பாட்டுக்கு முன்னால் சின்னதாக ஒரு ஜெபம் செய்யலாம் என்று ஆரம்பித்தார். அவருடைய சின்ன ஜெபத்தை அறிந்தவர்கள் அப்போதே தலையில் கைவைத்துக்கொண்டார்கள். அவர் ஆமென் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் குழுவின் பொறுப்பு அப்பாவிடம் வந்தது. அப்பா போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டுப் பயிற்சி கொடுத்தார். முதல் சரணம் இவ்வளவு, மூச்சு வாங்க இவ்வளவு, கடைசி வரி இவ்வளவு என்று பைப்பை அளக்கிற மாதிரி பாட்டை அளந்து வைத்தார். மொத்தப் பாட்டும் ஐந்து நிமிஷத்துக்குள் கச்சிதமாக அடங்கியது.

பாட்டை எழுதியவர் உபதேசியார். போன வருஷத்துப் பழியைப் போக்கிக்கொள்ள ராப்பகலாக உட்கார்ந்து எழுதினார் என்று கேள்வி. கிணற்றடியில் ஒரு பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்கிற கதை. அவள் மற்றவர்கள் வராத உச்சிவெயிலில் தனியாகத் தண்ணீர் எடுக்க வந்தவள். நடுவில் அவள் சொல்வதாக ஒரு வரி வரும்.

தண்ணி கேட்டு வந்த சாமி – என்
தாகம் உனக்கு யார் சொன்னது?

அதை மட்டும் அம்மா தனியாகப் பாட வேண்டும். எட்டுப் பேரில் அவளுக்குத்தான் குரல். ஆனால் தனியாக என்றதும் அம்மாவுக்குத் தலை குனிந்துவிடும். அந்த வரியை யாருக்கோ பயந்து தன் சேலைத் தலைப்பிடம் சொல்கிற மாதிரி சொல்லி முடித்துவிடுவாள். அப்பா சத்தமாக, சத்தமாக என்பார். அவர் சொல்லச் சொல்ல அந்தக் குரல் இன்னும் உள்ளே போகும். கடைசியில் அப்பா கண்ணை மூடிக்கொண்டு, நேரமாவது சரியாக இருக்கிறதே என்று சமாதானமாகிவிடுவார்.

எட்டுப் பேரும் ஒன்றாகச் சேருகிற இடம் வேன்தான் என்பதால் பாதிப் பயிற்சி அங்கேதான் நடந்தது. கம்பெனியில் லைனில் நிற்கும்போது பேசக் கூடாது. காலையிலிருந்து மூடிவைத்த வாயை அவர்கள் வேனில் ஏறித்தான் திறப்பார்கள். ஒருநாள் அப்படிப் பாடிக்கொண்டு வந்தபோது அம்மாவின் வரி வந்தது. அம்மா வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பி முணுமுணுத்தாள். சித்தப்பா ஸ்டியரிங்கில் ஒரு அடி அடித்து, ஆஹ் என்றார். வண்டி ஏதோ நாய்மேல் ஏறிவிட்டது என்று எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"நாயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அண்ணி, அதயே இன்னொரு தபா பாடுங்க," என்றார் சித்தப்பா.

அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மற்ற ஏழு பேரும் சேர்ந்து அவளை உலுக்கி எடுத்தார்கள். சரி தொலைகிறது என்று அம்மா மறுபடி பாடினாள். சித்தப்பா முன்னைவிட நீளமாக ஆஹ் என்றார். மூன்றாவது தடவை அம்மா முகத்திலிருந்து முந்தானையை எடுத்திருந்தாள். அன்று வீட்டுக்கு வந்து சேருவதற்குள் அந்த வரி எத்தனை தடவை போய்வந்தது என்று யாருக்கும் தெரியாது.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. சித்தப்பாவுக்குப் பிடித்த இடம் வந்தால் வேன் தானாக வேகம் குறையும். தாங்கள் நன்றாகப் பாடுகிறோமா என்பதைப் பெண்கள் வண்டியின் வேகத்தை வைத்தே தெரிந்துகொண்டார்கள். கொல்கத்தா ரோட்டில் பின்னால் வருகிற லாரிக்காரர்கள் ஹாரனை அழுத்திப்பிடித்து எங்கள் வம்சத்தையே வாழ்த்திக்கொண்டு போவார்கள். எட்டுப் பேரும் அதையும் தாளத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அம்மா இப்போது வரியைப் பாடிவிட்டுச் சின்னதாக ஓர் இடைவெளி விடுவாள். சித்தப்பா அதற்குள் தன் ஆஹ் சொல்ல வேண்டும். சொல்லத் தாமதமானால் பின்சீட்டிலிருந்து யாராவது, இன்னா தம்பி தூங்கிட்டியா என்பார்கள். எனக்கு அம்மா அப்படிச் சிரித்துப் பார்த்த நினைவே அதற்கு முன்னால் இல்லை.

ஒருநாள் சித்தப்பா வண்டியை ஓரம்கட்டி நிறுத்தியேவிட்டார். இன்ஜினை அணைத்துவிட்டு நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். அம்மா அப்போது அந்த வரியைப் பாடவில்லை, யாரிடமோ நேராகக் கேட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். திரும்பிப் பார்த்தால் பின்னால் இரண்டு பேர் அழுதுகொண்டிருந்தார்கள். பாட்டில் அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் தண்ணீர் கிடைத்துவிடுகிறதே, இவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. நான் அதைக் கேட்டும்விட்டேன். உடனே எட்டுப் பேரும் ஒன்றாகச் சிரித்து, சித்தப்பாவை டீ வாங்கித் தரச் சொல்லிப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு பன்னும் கிடைத்ததால் கேள்வியை விட்டுவிட்டேன்.

அன்று வீடு சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். வேன் ஏன் தினமும் தாமதம் என்று யாரோ அவரிடம் விவரமாகச் சொல்லியிருந்தார்கள். சித்தப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். அவர் கணக்குப்படி, வேனில் பாடுகிற மாதிரி மேடையில் பாடினால் ஐந்து நிமிஷத்தில் பாட்டு கிணற்றடிக்கே போய்ச் சேராது. தம்பி கெடுத்து வைத்திருக்கிற பழக்கத்தால் இந்த வருஷமும் சபை தலைகுனிந்து வரப்போகிறது என்றார். சித்தப்பா அந்தத் தரப் என்பதைப் பற்றி என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

"வேன்ல இன்னா வேணா பண்ணிக்க நைனா," என்றார் அப்பா. "அங்க வந்து நீ வாயத் தொறந்த, ஷீல்டு போச்சு. புள்ள ஊரெல்லாம் சொல்லி வச்சிக்கினு கீது."

எனக்காக அப்பா பேசியது அப்போது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? நானும் அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு சித்தப்பாவை முறைத்தேன். சித்தப்பா என்னைப் பார்த்ததும் இறங்கிவந்துவிட்டார். வாயைத் திறக்க மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். கிறிஸ்தவர்கள் சத்தியம் பண்ணக் கூடாது என்று உபதேசியார் எத்தனையோ தடவை சொல்லியும் எங்கள் தெருவில் யாரும் அந்தப் பழக்கத்தை விட்டதில்லை. சத்தியம் தவறினால் தலை வெடித்துவிடும் என்று பெஞ்சுத் தோழிகள் சொல்லி நான் உறுதியாக நம்பியிருந்தேன். சித்தப்பாவின் வாயை நம்பி என் தலை இருப்பது கவலையாகத்தான் இருந்தது. ஆனாலும் ஷீல்டுக்காக அதைத் தாங்கிக்கொண்டேன்.

போட்டி ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. பெரிய கோயில் மைதானத்தில் சாமியானா போட்டு, ஒரு மூலையில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. பெரிய கோயில் குழு ஒரே மாதிரிப் பட்டுச் சேலையில், கீபோர்டு எல்லாம் வைத்துக்கொண்டு பாடியது. ஒரு பிசிறு இல்லை. முடிந்ததும் எல்லாரும் அளவாகக் கைதட்டினார்கள். எங்கள் குழுவுக்கும் சீருடை இருந்தது. ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எல்லாருக்கும் கொடுத்த ஒரே கலர் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அப்பா மேடைக்குக் கீழே, குழுவின் கண்ணில் படுகிற மாதிரி, போனைக் கையில் ஏந்தி நின்றார். நான் முதல் வரிசையில் சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வாயையே காவல் காத்துக்கொண்டிருந்தேன். அவர் தன்மேல் நம்பிக்கை இல்லாமல் கைக்குட்டையைச் சுருட்டி வாய்க்குள் வைத்திருந்தார்.

பாட்டு ஆரம்பித்தது. முதல் சரணம் அப்பா அளந்த அளவுக்குள் வந்து முடிந்தது. அப்பா போனைப் பார்த்துத் தலையாட்டினார். அம்மாவின் வரி வந்தது. அம்மா மேடையில் தலையை நிமிர்த்திப் பாடியதை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். வேனில் பாடுவதைப்போலவே பாடினாள். குரல் மைக்கில் ஏறி, மைதானம் முழுக்கப் போய், பிரியாணிக்காரர்கள் வரைக்கும் கேட்டது. பாடிவிட்டு, பழக்கதோஷத்தில் அந்தச் சின்ன இடைவெளியை விட்டுவிட்டாள்.

சித்தப்பா பேசவில்லை. பேச முடியாமல் அவர் கண் இரண்டும் பிதுங்கின. அம்மா கூட்டத்தில் அவரைத் தேடினாள். மற்ற ஏழு பேரும் அவரைத் தேடினார்கள். மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. முன்னூறு பேர் சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடுவதும் தலை குனியப் போவதும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அடுத்த வரியைத் தொடங்கிவிடம்மா, நேரம் போகிறதே என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஆஹ் என்று ஒரு குரல் கேட்டது.

நான் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டேன். தலை இருந்தது. சித்தப்பாவைப் பார்த்தால் கைக்குட்டை வாயிலேயே இருந்தது. அவர் மேடைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். போனைப் பிடித்த கை தொங்கிப்போக, அண்ணாந்து அம்மாவைப் பார்த்தபடி அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"இன்னொரு தபா," என்றார் அப்பா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

அம்மா அவரைப் பார்த்தாள். அந்த வரியை மறுபடி பாடினாள். இந்தத் தடவை அவரைப் பார்த்தே பாடினாள். என் தாகம் உனக்கு யார் சொன்னது? பின்னால் யாரோ ஒரு பெண் ஐயோ என்றாள். சித்தப்பா கைக்குட்டையைப் பிடுங்கி எறிந்தார். சத்தியம் உடைந்ததா இல்லையா என்று கணக்குப் பார்க்கிற நிலையில் நானே இல்லை. மூன்றாவது தடவைக்குப் பெரிய கோயில் பட்டுச் சேலைகளே எழுந்து நின்றுவிட்டன. பிரியாணிக்காரர் கரண்டியோடு சாமியானாவுக்குள் வந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் அம்மா அதை வேறு மாதிரி கேட்டாள். ஒருதரம் கோபமாகக் கேட்டாள். ஒருதரம் செல்லமாக, பொய்க்கோபத்தோடு கேட்டாள். ஒருதரம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட, பாதியில் நிறுத்தி மற்ற ஏழு பேரும் எடுத்துக் கொடுத்தார்கள். மணி அடித்தது. மறுபடியும் அடித்தது. அடித்துக்கொண்டிருந்த ரிட்டயர்டு வாத்தியார் கொஞ்ச நேரத்தில் மணியின் நாக்கைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எல்லாம் முடிந்து நடுவர்கள் பேசினார்கள். எங்களைப் புகழ்ந்துதான் பேசினார்கள். ஆனால் விதி விதிதான் என்றார்கள். ஷீல்டு பெரிய கோயிலுக்கே போனது. நான் நாற்காலியில் கவிழ்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். என் பெஞ்சுக்காரி வந்து பக்கத்தில் நின்றாள். பீற்றிக்கொள்ளத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் மெதுவாக என் தோளைத் தொட்டு, உங்கம்மா பாடினது எப்படி வரும், எனக்கு ஒருவாட்டி சொல்லேன் என்றாள். போடி என்று கத்தினேன்.

திரும்பி வரும்போது அப்பா தன் பைக்கை உபதேசியாரிடம் கொடுத்துவிட்டு வேனில் ஏறிக்கொண்டார். முன்சீட்டில் உட்காரப் பிடிக்காமல் நானும் பின்னால் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். அவ்வளவு அளந்து அளந்து சொல்லிக்கொடுத்துவிட்டுக் கடைசியில் நீயே இப்படிச் செய்யலாமா என்று அழுகையோடு சண்டைக்குப் போனேன். அப்பா ரிஜெக்ட் ஆன பைப்பைக் கையில் வைத்திருப்பவர் மாதிரி விழித்தார்.

"தெர்ல பாப்பா," என்றார். "இத்தினி வருஷமா ஊட்லயே கீற கொரலு. இன்னிக்கித்தான் காதுல வுழுந்துச்சு."

இது ஒரு பதிலா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மாவாவது என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தேன். நான் அழுதால் எங்கிருந்தாலும் ஓடிவருகிற அம்மா, அன்று என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது, உதடு சிரித்துக்கொண்டிருந்தது, இரண்டையும் துடைக்க அவள் கை எழவில்லை. அப்பா எழுந்து ஆடி ஆடி நடந்துபோய் அவள் பக்கத்தில் இடம் கேட்டு உட்கார்ந்தார். வேனிலிருந்த மற்ற ஏழு பேரும் ஒன்றுமே நடக்காத மாதிரி முன்பக்கம் பார்த்தார்கள். சித்தப்பா வண்டியை நடக்கிற வேகத்தில் விட்டார். யாரும் பாடவில்லை. பின்னால் லாரிகள் வரிசையாக அலறின.

ஷீல்டு போய்விட்டதே, இவர்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்து விசும்பிக்கொண்டே வந்தேன். அந்த வேனில் அன்று தோற்றுத் திரும்பியது நான் ஒருத்திதான் என்பது எனக்குத் தெரியவில்லை.